விழுந்த இடத்துக்கு ஊர்ப்பெயர் வேண்டும்

2021 டிசம்பர் 8 அன்று குன்னூரை அடுத்த காட்டேரிப் பகுதியில், நீலகிரி மலை ரயிலின் தண்டவாளத்தில் நடந்து போய்க்கொண்டிருந்த சிலர் தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டுக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். சில நொடிகளே ஓடும் படம் அது. ஹெலிகாப்டர் மூடுபனிக்குள் நுழைந்து மறைகிறது, சத்தம் மாறுகிறது, நடந்தவர்கள் திகைத்து நிற்கிறார்கள். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட அந்த மி-17 ஹெலிகாப்டரில் முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 14 பேர் இருந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் சிக்கியதில் விமானிக்குத் திசையுணர்வு குழம்பியதே காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. தாழப் பறந்த ஹெலிகாப்டர் ரயில் பாதையை ஒட்டியே சென்றதாகவும் அப்போது செய்திகள் வந்தன. அன்று வாளியில் தண்ணீரையும் வீட்டுப் போர்வைகளையும் எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவர்கள் நஞ்சப்பசத்திரம் மக்கள். அந்தச் சின்னக் குடியிருப்பின் பெயர் ஒரே பகலில் நாடெங்கும் தெரிந்தது. இனி அந்த விபத்தைப் பற்றி எவர் எழுதினாலும் நஞ்சப்பசத்திரத்தைத் தவிர்க்க முடியாது.

இரண்டாம் உலகப் போரின்போது தென்னாட்டில் விழுந்த விமானங்களுக்கு இது வாய்க்கவில்லை. அந்த விபத்துகள் ஏட்டில் ஏறியபோது, இன்ன ரயில் நிலையத்திலிருந்து இத்தனை மைல், இன்ன பாதைக்கு அருகே என்ற அளவில் முடிந்துபோயின. படித்தால் துல்லியமான குறிப்பு போலத் தோன்றும். ஆனால் ரயில் பாதையில் யாரும் குடியிருப்பதில்லை. பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊர்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கண்மாய், காடு, பொட்டல், ஓடை என்று தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. யாருடைய நிலத்தில் விழுந்தது, யார் முதலில் ஓடினார்கள் என்பவை அந்தப் பெயர்களுக்குள்தான் இருக்கின்றன. போர்க்கால விமான விபத்து ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயரை மீட்டுத் தரும் வேலையை அரசின் தொல்லியல் துறையும் பல்கலைக்கழகங்களும் இப்போதே கையில் எடுக்க வேண்டும். அதைத் தொடங்கத் தகுந்த இடம் மதுரை. இதுவே என் வாதம்.

ரயில் பாதை ஏன் இப்படி எல்லாக் குறிப்பிலும் வந்து நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்க்கும் விமானிக்கு வறண்ட சமவெளி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். கண்மாய்கள் மழைக்காலத்தில் ஓர் உருவம், கோடையில் ஓர் உருவம். சாலைகள் அன்று மண் சாலைகள். மரநிழலில் பாதி மறைந்துவிடும். மாறாதது தண்டவாளம். அதனால் வழி தவறிய விமானி தாழ இறங்கி ஒரு ரயில் பாதையைத் தேடிப் பிடித்து, அதன் போக்கிலேயே போய் ஊரைக் கண்டுபிடிப்பது அக்கால வழக்கம். பிராட்ஷா என்பது பிரிட்டனில் புகழ்பெற்ற ரயில் கால அட்டவணை. அந்தப் பெயரையே இப்படிப் பறப்பதற்குக் கேலிச் சொல்லாக பிரிட்டிஷ் விமானப்படையினர் வைத்திருந்தார்கள். மதுரைக்கு இது நன்றாகப் பொருந்தும். மதுரைச் சந்திப்பிலிருந்து ஒரு பாதை திருப்பரங்குன்றம், திருமங்கலம் வழியாக விருதுநகருக்கு இறங்குகிறது; இன்னொன்று சிலைமான், திருப்புவனம் வழியாக மானாமதுரைக்கும் ராமேசுவரத்துக்கும் போகிறது. இன்றைய விமான நிலையம் இந்த இரண்டு பாதைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருக்கிறது. மேற்கே திருப்பரங்குன்றத்தின் மொட்டைப் பாறை, வடக்கே வைகை, இரு பக்கமும் தண்டவாளம் என்று இருந்தால் இறங்க வேண்டிய விமானிக்கு இதைவிட நல்ல அடையாளம் அமையாது. பெட்ரோலும் குண்டுகளும் உதிரி பாகங்களும் ரயிலில்தான் வந்தன என்பதால் விமானத்தளங்களையும் பாதைக்கு எட்டும் தூரத்திலேயே போட்டார்கள். பறப்பது பாதையை ஒட்டி, இறங்குவது பாதைக்குப் பக்கத்தில். அப்படியிருக்க, விழுவதும் பல நேரம் அங்கேதான்.

இன்னொரு காரணம் காகிதத்தைச் சேர்ந்தது. ரயில்வேயில் எந்த இடத்தையும் மைல் கல்லையும், அதையடுத்த தந்திக் கம்பத்தின் எண்ணையும் வைத்துச் சொல்வார்கள். பாதையில் விரிசல் கண்ட கேங்மேன் அந்த இரண்டு எண்களைச் சொன்னால் போதும். ஸ்டேஷன் மாஸ்டருக்கு இடம் புரிந்துவிடும். தந்தி வசதியும் நிலையத்தில் இருந்தது. ஆக, ஒரு விமானம் விழுந்த செய்தி வெளியுலகுக்குப் போக மிக விரைவான வழி ரயில் நிலையமே. பக்கத்துக் கிராமத்துக் கர்ணமும் மணியக்காரரும் தாசில்தாருக்கு எழுதிப் போட்டது பின்னால் போய்ச் சேர்ந்திருக்கும். படையின் ஏட்டில் முதலில் வந்த செய்தியே நிற்கும். அதனால்தான் அந்த ஏடுகளில் ஊர் இல்லை, நிலையம் இருக்கிறது. விபத்துகள் எல்லாம் ரயில் பாதையோரம் குவிந்திருப்பதாகத் தோன்றுவதற்கு விமானிகளின் பழக்கம் பாதிக் காரணம் என்றால், எழுதியவர்களின் வசதி மறுபாதி. பாதையிலிருந்து தள்ளி, மானாவாரிக் காட்டுக்குள் விழுந்தவை இன்னும் மங்கலாகவே பதிவாகியிருக்கும்.

போரே வராத மதுரைப் பக்கம் விமானங்கள் ஏன் விழ வேண்டும் என்று கேட்கலாம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கினார்கள். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. அந்த வாரம் சென்னை நகரமே மூட்டை கட்டிக்கொண்டு உள்மாவட்டங்களுக்குக் கிளம்பியது. அதன் பின் தென்னாடு படைகளின் பின்கட்டு ஆனது. மதுரைத் தளத்தை பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்தத் தொடங்கியது 1942-ல். சூலூர், தஞ்சாவூர், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு, சோழவரம் என்று ஓடுதளங்கள் வரிசையாக வந்தன. செங்குன்றம் ஏரியில் கேட்டலினா நீர்விமானங்கள் இறங்கின. பயிற்சி, கடல் ரோந்து, பழுது பார்த்த விமானத்தைச் சோதித்துப் பார்ப்பது, ஆட்களையும் அஞ்சலையும் கொண்டுபோவது என்று அன்றாடம் பறந்துகொண்டே இருந்தார்கள். பறப்பவர்கள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவு போர் முழுவதிலும் இழந்த 55,500-க்கும் மேற்பட்டவர்களில் எட்டாயிரத்துக்கும் அதிகமானோர் எதிரியின் குண்டு படாமல், பயிற்சியிலும் விபத்திலும் மாண்டவர்கள். எதிரி இல்லாத வானத்திலும் விமானம் விழும். பருவமழை மேகம், இயந்திரக் கோளாறு, சோர்வு ஆகியவற்றுக்குப் போர்முனை, பின்கட்டு என்ற பேதம் கிடையாது.

மதுரை வட்டாரத்தில் போரின் தடம் ஓடுதளத்தோடு நின்றுவிடவில்லை. 1928-ல் திறந்த மதுரை – போடி ரயில் பாதையின் தண்டவாளங்களைப் போர்க்காலத்தில் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் மீண்டும் பாதை வந்தது. அகலப் பாதைக்காக 2010 இறுதியில் மூடி, 2023 ஜூனில் போடி வரை ரயில் ஓடியது வரையான கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே ஒரு தலைமுறை ரயிலை இழந்து காத்திருந்தது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஒரு முழு ரயில் பாதை போனதே மறக்கப்பட்டிருக்கும்போது, ஒரு பகலில் விழுந்து, மறுநாள் லாரி வந்து அள்ளிக்கொண்டு போன விமானத்தை யார் எழுதி வைத்திருப்பார்கள்?

அன்றைய பத்திரிகைகளைப் புரட்டினால் கிடைக்கும் என்று நம்பவும் முடியாது. இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் படை நடமாட்டம் பற்றிய செய்திகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. ‘தினத்தந்தி’ பிறந்ததே 1942 நவம்பரில், இதே மதுரையில்தான். ஆனால் படை விமானம் எங்கே எப்படி விழுந்தது என்று விரிவாக அச்சிடும் சுதந்திரம் அன்று எந்தப் பத்திரிகைக்கும் இல்லை. ஆவணங்கள் இருக்கின்றன, ஒரே இடத்தில் இல்லை. விமானப்படை அணிகளின் நாட்குறிப்புகள் லண்டனை அடுத்த கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சென்னை மாகாண அரசின் இருவார அறிக்கைகளும் அரசாணைகளும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். இறந்தவர்களின் பெயர்கள் நந்தம்பாக்கத்தில்: 1952-ல் அமைந்த சென்னைப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 850-க்கும் மேற்பட்ட இரண்டாம் உலகப் போர் வீரர்கள் இருக்கிறார்கள். பராமரிக்க உத்தரவாதம் இல்லாத ஊர்களின் கல்லறைகளிலிருந்து அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். நல்ல நோக்கத்தோடு செய்த வேலை. ஆனால் உடலை இடம் மாற்றியபோது, அந்த மனிதன் விழுந்த ஊருக்கும் அவனுக்கும் இருந்த கடைசிக் கண்ணியும் அறுந்துவிட்டது. நந்தம்பாக்கத்துக் கல்லில் பெயர், பதவி, அணி, தேதி, வயது எல்லாம் இருக்கும். ஊர் இருக்காது. உடலே கிடைக்காத விமானிகளின் பெயர்கள் அதைவிடத் தொலைவில், சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் அதிகமான பெயர்களுக்கு நடுவே பொறிக்கப்பட்டிருக்கின்றன.

ஊர்க்காரர்களின் நினைவை நம்பலாமா என்பதுதான் இதில் கடினமான கேள்வி. எண்பது ஆண்டுகளில் எதுவும் உருமாறும். அவசரமாகத் தரையிறங்கிய விமானம் விழுந்த விமானமாகும். பிரிட்டிஷ் விமானம் ஜப்பான் விமானமாகும். இரண்டு பேர் ஐந்து பேராவார்கள். இந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனால் அரசுக் காகிதமும் உருமாறும் என்பதற்குக் கொழும்பே சாட்சி. ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியர் கொழும்பில் இழந்தவை ஏழு விமானங்கள். வீழ்த்தியதாக பிரிட்டிஷ் தரப்பு சொன்ன கணக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதே காலையில் கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்த ஆறு சோர்ட்ஃபிஷ் விமானங்களை ஜப்பானியர் வீழ்த்தினார்கள் என்பது பெருமைக் கணக்குகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கிறது. திருகோணமலையில் சீனக்குடா ரயில் நிலையத்தை ஒட்டிய எண்ணெய்க் குதங்களைப் பாருங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஒரு ஜப்பானிய விமானம் மோதி எரிந்த தொட்டியின் உருகி வளைந்த இரும்பு, காட்டுக்குள் இன்றும் கிடக்கிறது. விமானி வேண்டுமென்றே மோதினாரா, அடிபட்டு விழுந்தாரா என்பதில் சண்டை ஓயவில்லை. எந்தத் தொட்டி என்பதில் சண்டையே இல்லை. இதில் ஒரு பாடம் இருப்பதாக நினைக்கிறேன். காகிதம் தேதியை நன்றாகக் காப்பாற்றுகிறது, இடத்தை மோசமாக. ஊர் நினைவு அதற்கு நேர்மாறு: எந்த வருடம் என்றால் தடுமாறும், எந்தப் புஞ்சையில் என்றால் கையை நீட்டிக் காட்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தவறு. அணியின் நாட்குறிப்பில் உள்ள தேதியையும், ரயில்வேயின் மைல் கணக்கையும், ஊர்க்காரர் காட்டும் சர்வே எண்ணையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், மூன்றும் ஒத்துப்போகும் இடங்கள் கிடைக்கும். ஒத்துப்போகாதவற்றைத் தனியே எழுதி வைக்கலாம்.

விபத்து பொது விசாரணைக்கு வந்தால் எவ்வளவு வேறுபாடு என்பதற்கு மதுரைக்கே சொந்தமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1971 டிசம்பர் 9 அன்று, வங்கதேசப் போர் உச்சத்தில் இருந்தபோது, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு இறங்கிவந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் சின்னமனூர் அருகே மலையில் மோதியது. 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். அதே நாள் இரவில் அரபிக்கடலில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கடிக்கப்பட்டது. நாட்டின் கவனம் முழுக்க அங்கே போயிற்று. ஆனாலும் அது பயணிகள் விமானம் என்பதால், விதிப்படி விசாரணை நடந்து, விமானத்தின் பதிவெண் முதல் மோதிய மலை வரை எல்லாம் ஏட்டில் ஏறின. இன்றைக்கும் எவரும் தேடி எடுக்கலாம். அதற்கு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே வானத்தில் விழுந்த படை விமானங்களுக்கு அந்தப் பொது ஏடு இல்லை.

எனக்கு அதிகம் முக்கியமாகப் படும் மறுப்பு வேறொன்று. அது வெள்ளைக்காரன் படை, அவன் விமானம். நம் மக்கள் சிறையில் கிடந்த ஆண்டுகளில் அவன் நடத்திய போருக்கு நாம் ஏன் நினைவகம் எழுப்ப வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது சிங்காநல்லூர்ப் பக்கம் போர்த் தளவாட ரயிலைக் கவிழ்த்தார்கள். சூலூர் விமானத்தளத்துக் கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் தீ வைத்தார்கள். அதற்காகப் பலர் சிறை சென்றார்கள். இதை மறைத்துவிட்டு விமானிகளை மட்டும் பாடும் வரலாறு எனக்கும் வேண்டாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: சூலூர்த் தளத்தின் வரலாற்றை எழுதாமல் சூலூர்த் தீயின் வரலாற்றை எப்படி எழுதுவது? ஓடுதளத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம், ஜல்லி சுமந்த கூலிப் பெண், விழுந்த விமானத்துக்கு இரவெல்லாம் காவல் நின்ற தலையாரி எல்லோரும் அதே ஏட்டுக்குள்தான் வருவார்கள். வேறு ஏடு அவர்களுக்குக் கிடையாது. போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் 25 லட்சம் பேர்; இந்திய விமானப்படை அணிகளும் இந்த வானத்தில் பறந்தன. பதிவு செய்வது வேறு, போற்றுவது வேறு. விழுந்தவனின் பெயரையும் இடத்தையும் கல்லில் எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஆண்டிப்பட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்றில், ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனின் பெயரோடு பூசல் நடந்த ஊரின் பெயரும் தமிழி எழுத்தில் இருக்கிறது. அந்தப் பூசலில் எந்தப் பக்கம் நியாயம் என்று இன்று எவரும் அந்தக் கல்லிடம் கேட்பதில்லை.

கீழடி இருக்க இதற்கா பணம் என்பது அடுத்த கேள்வி. இது அகழாய்வு அல்ல. தோண்ட வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியும், நில அளவை வரைபடமும், கியூ ஆவணங்களின் படிகளும், நான்கு ஆய்வு மாணவர்களும் போதும். கீழடி வெளிச்சத்துக்கு வந்த வழியையும் நினைக்க வேண்டும்: 1970-களில் பள்ளி மாணவர்கள் கொண்டுவந்து காட்டிய பொருள்களை ஒதுக்கித் தள்ளாமல் பார்த்த ஓர் ஆசிரியரிடமிருந்து அது தொடங்கியது. ஊர்க்காரர் சொல்வதைக் காதில் வாங்கியதால் கிடைத்த பலன் அது. மண்ணுக்குள் இருக்கும் பானை ஓடு இன்னும் ஐம்பது ஆண்டு காத்திருக்கும். 1943-ல் பத்து வயதுச் சிறுவனாகத் தண்டவாளத்தின் ஓரம் நின்று பார்த்தவருக்கு இன்று வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. சட்டமும் கை கொடுக்கவில்லை. 1958-ம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் நூறாண்டு நிறைந்தவற்றையே கணக்கில் எடுக்கும். 1942-ல் போட்ட ஓடுதளம் 2042-ல்தான் அந்தத் தகுதியைப் பெறும். அதைப் போட்டவர்களும் அங்கே விழுந்ததைப் பார்த்தவர்களும் அதற்குள் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள்.

இடத்தை வெளியிட்டால் உலோகம் தேடுவோர் கிளம்பிவிடுவார்கள், வெடிக்காத குண்டு இருந்தால் ஆபத்து என்ற அச்சம் உண்மையானது. இதற்கு வழி தெரியாமல் இல்லை. பிரிட்டனில் 1986-ம் ஆண்டுச் சட்டப்படி படை விமானம் விழுந்த எந்த இடத்தையும் உரிமம் இல்லாமல் தோண்ட முடியாது. நம்மிடமும் சரியான இடத்தைத் துறையின் கோப்பில் வைத்துக்கொண்டு ஊர்ப்பெயரை மட்டும் பொதுவில் சொல்லலாம். இந்தியாவிலேயே முன்மாதிரியும் இருக்கிறது. சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன அமெரிக்க விமானங்கள் நூற்றுக்கணக்கில் இமயமலை வழியில் விழுந்தன. கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்கர் அருணாசலப் பிரதேசக் காடுகளில் அவற்றைத் தேடி அலைந்தபோது வழிகாட்டியவர்கள் உள்ளூர் வேட்டைக்காரர்களும் கிராமத்தாரும். அந்தத் தேடலின் தொடர்ச்சியாக 2023-ல் பாசிகாட்டில் ஓர் அருங்காட்சியகமே திறந்தார்கள்.

மதுரையில் அவசரம் இன்னொரு பக்கத்திலிருந்தும் வருகிறது. விமான நிலையத்தின் 7,500 அடி ஓடுதளத்தை 12,500 அடியாக நீட்ட நிலம் எடுக்கிறார்கள். அயன்பாப்பாக்குடி, சின்ன உடைப்பு மக்களின் வீடும் விளைநிலமும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. விரிவாக்கம் வேண்டுமா, இழப்பீடு போதுமா என்பவை பெரிய கேள்விகள். அவற்றை இங்கே தீர்க்க முடியாது. ஆனால் எந்த முடிவானாலும், புல்டோசர் இறங்குவதற்கு முன் அந்த ஊர்களில் உட்கார்ந்து கேட்டாக வேண்டும்: முதல் ஓடுதளத்துக்கு எந்தெந்த நிலம் போயிற்று, எங்கே கூடாரம் அடித்தார்கள், எங்கே என்ன விழுந்தது. ஊர் இடம் பெயர்ந்த பிறகு கை நீட்டிக் காட்டப் புஞ்சை இருக்காது. காமராசர் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையும், ரயில்வேயின் மதுரைக் கோட்டமும், மாநிலத் தொல்லியல் துறையும் சேர்ந்தால் ஆறு மாதத்தில் முதல் சுற்றை முடித்துவிடலாம். திருமங்கலம் வரையும் சிலைமான் வரையும் பாதையோர ஊர்களிலிருந்தே தொடங்கலாம்.

அந்த ஓடுதளத்துக்கு மேற்கே தெரியும் திருப்பரங்குன்றத்தில், சமணர் படுக்கைகளில் ஒரு தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. கடல் கடந்த ஈழத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தலைவனின் பெயரை, எருக்காட்டூர் என்ற அவன் ஊரின் பெயரோடு சேர்த்து யாரோ பொறுமையாகப் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டாக அந்த எழுத்து அங்கேயே இருக்கிறது. அதே குன்றின் அடிவாரத்தில் ஓடும் ரயில் பாதையைப் பார்த்துப் பறந்து வந்தவர்களுக்கும், அவர்களைக் காப்பாற்ற ஓடியவர்களுக்கும் நம்மிடம் இருப்பது ஒரு மைல் கல்லின் எண்.